கண்டீரவா டு காட்பாடி: தொண்ணூறு நிமிட ஆட்டத்துக்குப் பதினேழு மணி நேரம்

வேலூர்க்காரர்களுக்கு ஹோம் மேட்ச் என்று ஒன்று கிடையாது. நம்ம கால்பந்து அணியான சென்னையின் எஃப்சியின் சொந்த மைதானமான பெரியமேடு நேரு ஸ்டேடியமே 140 கிலோமீட்டர் தள்ளி. பெங்களூரு அணியின் கண்டீரவா மைதானம் 210 கிலோமீட்டர். "நடுவுல இருக்கீங்க, ரெண்டு ஊர் ஆட்டமும் பார்க்கலாமே" என்று சென்னைக்காரர்கள் பொறாமைப்படுவார்கள். நடுவில் இருப்பதுதான் வம்பு. எல்லா வண்டியும் நம்மூர் வழியாகப் போகும், நமக்காக எதுவும் புறப்படாது, நமக்காக எதுவும் நிற்காது. அணி எப்படி ஆடியது என்பதற்கு மார்க் போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இது போய்வரும் வழிகளுக்கான மார்க், முக்கியமாகப் பெங்களூரு ஆட்டத்துக்கு.

ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஆட்டங்கள் பெரும்பாலும் இரவு 7.30க்குத் தொடங்குகின்றன. முடிய 9.25 ஆகும். மைதானத்துக்கு ரயில் டிக்கெட் எடுப்பவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, போகும் வண்டியை முதலில் பார்ப்பது. திரும்பும் வண்டி உறுதியான பிறகுதான் ஆட்ட டிக்கெட்டையே தொட வேண்டும்.

போகும் ரயில்: 10க்கு 7

வேலூருக்கான ரயில் நிலையமான காட்பாடியில் ஏறி சாயங்காலத்துக்குள் பெங்களூரு சேர, நம்பக்கூடியது காலை பிருந்தாவன் எக்ஸ்பிரஸ். ஒன்பதரை வாக்கில் காட்பாடி, மதியம் இரண்டு மணிக்குள் பெங்களூரு. காசு பரவாயில்லை என்றால் அதற்கு முன்பே வந்தே பாரத் போகிறது. ஆனால் காலை பத்து மணிக்கே இறங்கி ஒன்பது மணி நேரம் என்ன செய்வது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மாட்டிக்கொள்ளும் இடம் லால்பாக் எக்ஸ்பிரஸ். "மதியம் வரைக்கும் வேலையை முடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்று நினைப்பவர்களின் கண்ணில் இதுதான் முதலில் படும். சென்னையில் பிற்பகல் மூன்றரைக்குப் புறப்படும் வண்டி, பெங்களூருக்குள் நுழையும்போது ஆட்டம் முடியும் தறுவாயில் இருக்கும். மாலை சதாப்தியும் அதே கதை. ஆக, ஏழரை மணி ஆட்டத்துக்குக் காலை ஒன்பதரைக்கே காட்பாடியில் ரயில் ஏறியாக வேண்டும். திரும்பி வரும்போது அதிகாலை இரண்டரை. தலைப்பில் இருக்கும் பதினேழு மணி நேரம் இப்படி வந்த கணக்குதான்.

இறங்குவது எங்கே என்பதும் முக்கியம். கிருஷ்ணராஜபுரத்தில் நிற்கும் வண்டி என்றால் அங்கேயே இறங்கிவிடலாம். பக்கத்திலேயே ஊதா வழித்தட மெட்ரோ நிலையம், கப்பன் பார்க் வரை ஒரே வண்டி. 2023 அக்டோபரில் பையப்பனஹள்ளி இணைப்பு திறந்த பிறகு கிடைத்த வசதி இது. கடைசி நிலையமான கேஎஸ்ஆர் பெங்களூரு வரை போனாலும் கெட்டுப்போகாது, அதை ஒட்டிய மெஜஸ்டிக் மெட்ரோ நிலையத்திலிருந்து கப்பன் பார்க் மூன்றாவது நிலையம். அங்கிருந்து மைதானத்துக்குப் பன்னிரண்டு பதினைந்து நிமிட நடை. ஆட்ட நாளில் கௌண்டர் வரிசையில் நிற்பதைத் தவிர்க்க மெட்ரோ ஸ்மார்ட் கார்டு ஒன்று பையில் இருக்கட்டும். போகும்போது வரிசை தெரியாது, திரும்பும்போதுதான் அதன் அருமை தெரியும்.

மைதானம்: 10க்கு 4

பை பெரிய தலைவலி. வாசலில் பை, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், சில்லறைக் காசு, லைட்டர், ஹெல்மெட் எதையும் விடமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர் வண்டியில் வைத்துவிட்டு வருவார், வீட்டுக்கே திரும்பிப் போவார். காலையில் கிளம்பிய வெளியூர்க்காரருக்குப் பை இல்லாமல் முடியாது. இதற்கு ஒரே வழி ரயில் நிலைய க்ளோக் ரூம். ஆனால் பூட்டுப் போட்ட பையைத்தான் வாங்குவார்கள், பயணச்சீட்டும் காட்ட வேண்டும். ஜிப் இரண்டையும் சேர்த்துப் பூட்ட ஒரு சின்னப் பூட்டை வேலூரிலேயே வாங்கிவிடுங்கள். பவர் பேங்க்கை உள்ளே கொண்டுபோக முடியாது என்பதால் போனில் சார்ஜைக் காப்பாற்ற வேண்டும். இரவு வண்டி டிக்கெட், மெட்ரோ, ஆட்டோ எல்லாம் அந்த ஒரு போனில்தான். ரயில் டிக்கெட்டை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துச் சட்டைப் பையில் வைப்பது பழைய பழக்கமாகத் தெரியலாம், இந்தப் பயணத்தில் கைகொடுக்கும்.

இரண்டாவது, உட்காரும் இடம். கண்டீரவா தடகளத்துக்கும் சேர்த்துக் கட்டிய மைதானம். கேலரிக்கும் புல்லுக்கும் நடுவில் ஓடுபாதை. கோல் கம்பத்துக்குப் பின்னால், கீழ் வரிசையில் மலிவு டிக்கெட் எடுத்தால், எதிர்ப்பக்கக் கோலில் நடப்பது கூச்சலை வைத்துத்தான் புரியும். பக்கவாட்டு கேலரியில் எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே எடுங்கள்.

வந்த அணியின் ரசிகர்களுக்குத் தனிப் பகுதி உண்டா, எந்த வாசல் என்பது அந்தந்த ஆட்டத்துக்கு மாறும். டிக்கெட் செயலியில் இதைத் தேடிப் பிரயோஜனமில்லை. பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர்மச்சான்ஸ் மாதிரி சென்னை ரசிகர் குழுக்களிடம் முன்கூட்டியே கேட்டு மொத்தமாக எடுப்பதுதான் வழி. தனியாக எடுத்து பெங்களூரு ரசிகர் குழுவான வெஸ்ட் பிளாக் புளூஸ் நடுவில் போய் உட்கார்ந்தால், சென்னை கோல் போடும்போது கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இதில் ஒரு வேடிக்கை, இரண்டு அணிக்குமே நீலம். தூரத்திலிருந்து பார்த்தால் உள்ளூர்க் கூட்டம்போலத்தான் இருக்கும். வாசலில் நெஞ்சிலிருக்கும் முத்திரையைப் பார்த்துத்தான் திருப்பி அனுப்புவார்கள். மேலே ஒரு சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டால் தெருவிலும் மெட்ரோவிலும் தொல்லை இல்லை.

திரும்பும் ரயில்: சீட் உறுதியானால் 8, இல்லாவிட்டால் 2

நமக்கு ஏற்றது பெங்களூரு–சென்னை மெயில். கேஎஸ்ஆர் நிலையத்தில் இரவு 10.40 வாக்கில் புறப்படும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆட்டம் முடிவது 9.25, கேலரியிலிருந்து தெருவுக்கு வர இருபது நிமிடம், கப்பன் பார்க் நடை பதினைந்து, மெட்ரோவுக்குக் காத்திருப்பதும் பயணமும் பதினைந்து, மெஜஸ்டிக்கிலிருந்து பிளாட்பாரத்துக்குப் பத்து. 10.25 ஆகிவிட்டது. க்ளோக் ரூம் பையை இந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். வீரர்கள் கேலரியைச் சுற்றி வந்து கைதட்டுவதைப் பார்க்க நின்றால் வண்டி போய்விடும். நள்ளிரவை ஒட்டி காவேரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது, அதில் வந்தால் காட்பாடியில் விடியப்போகும் நேரம். அட்டவணை மாறுவதால் அந்த வாரத்து நேரத்தை ரயில்வே செயலியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நள்ளிரவு 12 தாண்டிப் புறப்படும் வண்டி எதுவானாலும் மறுநாள் தேதியில்தான் முன்பதிவு. ஆட்ட நாள் தேதியைப் போட்டுவிட்டு, முந்தின இரவே போய்விட்ட வண்டிக்கு டிக்கெட் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் யாராவது இருப்பார்கள்.

முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். அட்டவணை வந்த அன்றே போட்டால் ஸ்லீப்பர் கிடைக்கும். பிந்தினால் தட்கால்தான், ஏசிக்குக் காலை 10, ஸ்லீப்பருக்கு 11. பதிவில்லாப் பெட்டியை நம்புவது சரிப்படாது. சனி, ஞாயிறு இரவு சென்னைப் பக்கம் திரும்பும் கூட்டம் கழிவறை வாசல் வரை நிற்கும். ஏற்கெனவே இரண்டு மணி நேரம் நின்று கத்திய காலுக்கு அது பெரிய தண்டனை.

படுத்தபின் இருக்கும் ஆபத்து தூக்கம். இரண்டரை மணிக்குக் காட்பாடி, நிற்பது சில நிமிடம்தான். 139க்குப் போன் செய்து பிஎன்ஆர் கொடுத்தால் இறங்கும் நிலையம் வருமுன் எழுப்பிவிடும் வசதி உண்டு. அதையும் வைத்து, அலாரமும் வைத்து, கீழ் பெர்த்துக்காரரிடம் ஒரு வார்த்தையும் சொல்லிவிடுங்கள். தவறவிட்டால் அரக்கோணமோ பெரம்பூரோ, அங்கிருந்து திரும்ப ஒரு டிக்கெட்.

பேருந்து: 10க்கு 5

ரயில் கிடைக்காதவர்களுக்கு. தமிழ்நாட்டுப் பக்கம் வரும் அரசுப் பேருந்துகள் பல சாந்திநகரிலிருந்து கிளம்புகின்றன. மைதானத்திலிருந்து அது ஆட்டோ தூரம்தான். ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக நாலு மணி நேரம். சாய்மானம் சரியாக இருக்காது, முழங்கால் இடிக்கும். ஆனால் வேலூர் பேருந்து என்று போட்டிருந்தால் வேலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் வரும், அதுதான் அதன் பெரிய பலம்.

தனியார் ஸ்லீப்பர் பேருந்துகள் பார்க்க அழகு, படுக்கை மெத்தை. ஆனால் அவை சென்னைக்கான வண்டிகள். வேலூரில் இறங்கினாலும் பெரும்பாலும் சென்னைக் கட்டணமே. இறக்கிவிடுவது பைபாஸில். சர்வீஸ் ரோட்டில் திரும்பாமல் வண்டி மேலேறிவிட்டால், அதிகாலை மூன்று மணிக்கு லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்க வேண்டியிருக்கும். முன்பதிவின்போதே இறங்கும் இடமாக கிரீன் சர்க்கிள் என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள், பள்ளிகொண்டா டோல் வந்ததும் எழுந்து கிளீனரிடம் நினைவுபடுத்துங்கள். நடுவில் மோட்டலில் நிறுத்தினால் டீயோடு நிறுத்திக்கொள்வது பர்சுக்கும் வயிற்றுக்கும் நல்லது. ஆம்பூரைத் தாண்டித்தானே வருகிறோம், பிரியாணி சாப்பிடலாம் என்ற கனவு வேண்டாம். அந்த நேரத்தில் ஷட்டர் தெரியும், பிரியாணி தெரியாது.

போகும்போது பேருந்து என்றால், நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு வரை உட்காராதீர்கள். சாயங்காலம் ஓசூர் ரோட்டில் மாட்டினால் ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் திறந்திருக்கிறது. பொம்மசந்திராவிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ இறங்கி, ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கும் மெஜஸ்டிக்கில் ஊதாவுக்கும் மாறலாம். இரண்டு மாற்றம், ஆனால் நேரம் கையில் இருக்கும்.

காவிரிப் பிரச்சினை சூடாக இருக்கும் வாரத்தில் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். 2016 செப்டம்பரிலும், 2023 செப்டம்பர் பந்த் நாட்களிலும் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எல்லையைத் தாண்டவில்லை.

வாடகை வேன்: 10க்கு 3

பன்னிரண்டு பேர் சேர்ந்தால் டெம்போ டிராவலர் மலிவு என்று தோன்றும். பேசும்போது கேட்க மறப்பவை மூன்று. ஒன்று, நாள் கணக்கு. பல இடங்களில் இரவு 12 தாண்டினால் இன்னொரு நாள் வாடகையும் பேட்டாவும் சேரும். ஆட்டம் முடிந்து வருகிற எந்த வண்டியும் 12 தாண்டித்தான் வரும், ஆகவே மணிக் கணக்கில் பேசுங்கள். இரண்டு, பர்மிட். அகில இந்தியச் சுற்றுலா பர்மிட் இல்லாத வண்டிக்குக் கர்நாடக வரி கட்ட வேண்டும், எல்லையிலிருக்கும் அத்திப்பள்ளியில் நின்று அதை யார் கட்டுவது என்று சண்டை போட நேரம் இருக்காது. வெள்ளை போர்டு வண்டியை, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வண்டியை, வாடகைக்கு எடுத்தால் விபத்தில் காப்பீடு கைவிட்டுவிடும். மூன்று, டிரைவரின் தூக்கம். காலையில் இருந்து ஓட்டியவர் ஆட்டம் நடக்கும் மூன்று மணி நேரமாவது தூங்கியாக வேண்டும்.

மைதானத்தைச் சுற்றி வேன் நிறுத்த இடமில்லை, எல்லாம் ஒருவழிப்பாதை. ஆட்டம் முடிந்ததும் போன் எடுக்காது, கூட்டத்தில் நெட்வொர்க் திணறும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே வாய்மொழியாக முடிவு செய்யாவிட்டால் பன்னிரண்டு பேரும் வேனும் ஒருவரையொருவர் தேடி ஒரு மணி நேரம் சுற்றுவார்கள். 2018 மார்ச் 17 இறுதி ஆட்டத்தில் இதே மைதானத்தில் சென்னை 3-2 என்று ஜெயித்தது. அன்று போனவர்களுக்கு எந்த வேனும் சொகுசுதான். தோற்ற இரவில் பர்மிட் காசுகூட வலிக்கும்.

சென்னை ஆட்டத்துக்கு இத்தனை பாடு இல்லை. நேரு ஸ்டேடியத்திலிருந்து சென்ட்ரலுக்கு நடந்தே போகலாம். பெங்களூரு மெயில், ஏற்காடு எக்ஸ்பிரஸ் இரண்டும் ஆட்டம் முடிந்த பிறகுதான் புறப்படும், இரண்டும் காட்பாடியில் நிற்கும். சேரன் எக்ஸ்பிரஸைப் பிடிப்பது கொஞ்சம் நெருக்கடி. 10க்கு 9. கொச்சி ஆட்டத்துக்கு 2. அங்குள்ள கலூர் மைதானத்தின் வாசலிலேயே மெட்ரோ உண்டு, ஆனால் காட்பாடி வழியாக வரும் திருவனந்தபுரம் மெயிலும் ஆலப்புழை எக்ஸ்பிரஸும் ஆட்டம் முடியும் முன்பே கொச்சியை விட்டுப் போய்விடும். அங்கே ஒரு ராத்திரி அறை எடுக்க மனசிருந்தால் மட்டும் போங்கள்.

கடைசி ஆறு கிலோமீட்டருக்கு மார்க் போடாமல் முடிக்க முடியாது. அதிகாலை இரண்டரைக்குக் காட்பாடி வாசலில் பாகாயம் போகும் 1, 2 எண் டவுன் பஸ் எதுவும் இருக்காது. ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை, பாலாற்றுப் பாலம் தாண்ட வேண்டும் என்பதால் நடக்கவும் முடியாது. காலையிலேயே பைக்கை ஸ்டேஷன் ஸ்டாண்டில் விட்டுப் போவதுதான் மலிவு. டோக்கனைப் பர்சில் வையுங்கள், க்ளோக் ரூம் பையில் வேண்டாம். இரவில் ஸ்டாண்டில் ஆள் இருப்பாரா என்று விடும்போதே கேளுங்கள். பெட்ரோலை முந்தின நாளே போட்டுவிடுங்கள். ஆட்டோவுக்கு 3, பைக்குக்கு 8, ஸ்டேஷன் வாசல் டீக்கு 10.