காந்தப் பூட்டு: கத்தி இழுப்பறைக்குப் போதுமா?

சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் கத்தி, அரிவாள்மனை வைக்கும் இழுப்பறையைக் குழந்தைகள் திறக்காமலிருக்க, உள்பக்கம் ஒட்டும் இந்தக் காந்தப் பூட்டு நன்றாகவே பொருந்துகிறது. வெளியே எதுவும் தெரியாது. காந்தச் சாவியை வைத்தால்தான் உள்ளிருக்கும் கொக்கி விலகும்.

சிக்கல் பசையில். எண்ணெய்ப் பிசுக்கின்மேல் அது நிற்காது. ஆல்கஹால் துணியால் துடைத்து, காய்ந்தபின் அழுத்தி ஒட்டி, 24 மணி நேரம் இழுக்காமல் விடுங்கள். அடுப்பை ஒட்டிய இழுப்பறைக்குத் திருகாணிதான் சரி. முகப்புப் பலகை தடிமனாக இருந்தால் காந்தம் எட்டாது, வாங்குமுன் அளந்துவிடுங்கள்.

பூட்டு விழாதபடி கொக்கியை விலக்கியே வைக்கும் சிறு விசையும் (சுவிட்ச்) உண்டு. விருந்தாளி வந்த அன்று தள்ளிவிட்டு அப்படியே மறந்துவிடுவோம், அதுதான் பெரிய ஓட்டை. சாவியைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டாதீர்கள்; நாற்காலி இழுத்துப்போடத் தெரிந்த குழந்தைக்கு அது எட்டும். மாத்திரைகளுக்கு எண்பூட்டுப் பெட்டியே வாங்குங்கள்.