ஷார்ல் பார்கு ஓவியப் பாடம்: வாங்கலாமா?

பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். முகம் வரையச் சொன்னால் பிள்ளைகள் பெரும்பாலும் கண் இமையில் தொடங்குவார்கள். மோவாய்க்கு வரும்போது தாளில் இடம் இருக்காது. பெரிய வடிவத்தை முதலில் பிடி, நுணுக்கம் அப்புறம் என்று எத்தனை சொன்னாலும் ஏறாது. இந்தப் புத்தகம் அதைக் கண்ணெதிரே காட்டிவிடுகிறது.

1866 முதல் 1871 வரை பாரிசின் கூப்பில் என்ற பதிப்பு நிறுவனம் வெளியிட்ட 197 கல்லச்சுப் (கல்லில் வரைந்து தாளில் அச்சிடும் முறை) படங்கள் இவை. ஓவியர் ஜெரோமின் துணையோடு பிரெஞ்சு ஓவியர் பார்கு உருவாக்கினார். கலை வரலாற்றாளர் ஜெரால்ட் ஆக்கர்மன் 2003இல் ஒரே நூலாகக் கொண்டுவந்தார்.

முதல் பகுதிக்கு மட்டுமே கொடுத்த காசு தகும். பிளாஸ்டர் சிலைகளின் கண், காது, பாதம், கை, பிறகு தலை, உடல் என்று போகும். பல தாள்களில் ஒரே உருவம் இரண்டு முறை இருக்கும்: ஒன்று நேர்கோடுகளால் மட்டும் போட்டது, மற்றது நிழல் தந்து முடித்தது. குதிகாலின் வளைவு என்று நாம் நினைப்பது அங்கே சில நேர்கோடுகளாக உடைந்து கிடக்கும். அவை சந்திக்கும் புள்ளிகள் சரியாக அமைந்தால் வளைவு தானாக வந்துவிடும். நிழலுக்கும் அதே ஒழுங்குதான். நிழலின் எல்லையை முதலில் கோடாகப் பிடித்து, உள்ளே ஒரே அடர்த்தியில் நிரப்பி, நடுத்தர நிழல்களைக் கடைசியில் தொட வேண்டும்.

நான் படத்தையும் வெறுந்தாளையும் பலகையில் அருகருகே ஒட்டிக்கொள்வேன். நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டால் செங்குத்துக்கோடு கிடைத்துவிடும். சில அடி பின்னால் நின்று அளந்து, முன்னே வந்து புள்ளி வைக்க வேண்டும். இந்த முறைக்கான விளக்கம் பின்னிணைப்பில் இருக்கிறது.

இரண்டாம் பகுதி பெரிய ஓவியர்களின் படங்களைப் பார்த்து வரைந்தவை. பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானிய ஓவியர் ஹோல்பைனின் முகங்களில் கன்னத்தின் ஒரு கோடு எங்கே அழுந்துகிறது, எங்கே மெலிகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். மூன்றாவது, கரிக்கோலால் (சார்கோல்) வரைந்து பழகுவதற்கான ஆடையற்ற ஆண் உருவங்கள். அதைப் பள்ளிக்கு எடுத்துப் போவதில்லை.

வான் கோ 1880இல், ஓவியராக முடிவெடுத்த புதிதில், பெல்ஜியத்தின் சுரங்கப் பகுதியில் தங்கி இந்தப் படங்களை வரைந்து பழகினார். 1890இல், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, அந்தக் கரிக்கோல் பயிற்சிகளைத் தம்பி தியோவிடம் மறுபடியும் கேட்டு எழுதினார். அத்தனை ஓவியங்களுக்குப் பிறகும் அடிப்படைக்குத் திரும்ப அவருக்குத் தோன்றியிருக்கிறது.

குறைகளும் உண்டு. மூலத் தாள்கள் மிகப் பெரியவை, நூலில் சுருங்கிவிட்டன. நான் ஏ3 அளவில் பெரிதாக்கி நகலெடுத்துத்தான் பயன்படுத்துகிறேன். தூரக்காட்சி (பெர்ஸ்பெக்டிவ்) விதிகளோ மனதிலிருந்து உருவம் வரைவதோ இதில் வராது. அவற்றுக்கு வேறு பயிற்சி வேண்டும். கிடுகிடுவென முன்னேற விரும்புகிறவருக்கும் இது ஒத்துவராது, ஒரு தாளே பல நாள் கேட்கும்.

விலையும் அதிகம். மூலப் படங்களின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அதனால் இணையத்திலிருந்து ஒரு பாதத்தின் படத்தை அச்சிட்டு, எச்பி பென்சிலால் முழுதாக வரைந்து பாருங்கள். முடித்ததும் அடுத்த தாள் எங்கே என்று கை தேடினால் புத்தகத்தை வாங்குங்கள்.