பெர்த்–லண்டன்: 17 மணி நேரம், ஒரே மூச்சில்

2018 மார்ச்சில் ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ், அந்நாட்டின் பெர்த்திலிருந்து லண்டனுக்குத் தொடங்கிய நேரடி வழித்தடம். சேர்த்துவைத்த விமானப் பயண பாயிண்ட்டையெல்லாம் கொட்டி பிசினஸ் கிளாஸில் போனேன்.

பெர்த் லவுஞ்சில் எனக்குப் பிடித்தது திறந்தவெளி மாடம்தான். 17 மணி நேரம் அடைபட்டுக் கிடக்கப் போகிறவனுக்கு அந்தக் காற்று பெரிய விஷயம். குளித்துவிட்டு ஈரத்தலையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இருக்கைகள் 1-2-1 வரிசை: ஜன்னலோரம் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு. யார் காலையும் தாண்டாமல் எழுந்து போகலாம். பைஜாமாவும் கொடுத்தார்கள். நான் போன போயிங் 787 விமானத்தின் ஜன்னலுக்கு இழுத்து மூடும் மறைப்பு கிடையாது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடியே மெல்ல நீலமாக இருண்டுபோகிறது. அதை நாலு தடவை அழுத்திப் பார்த்தேன், சின்னப் பிள்ளை மாதிரி.

கேபின் காற்றழுத்தம் 6,000 அடி உயர மலையில் இருப்பதற்கு இணையாம், பல விமானங்களைவிட உடம்புக்கு இதம். அதனாலோ என்னவோ, வழக்கமாக வரும் தலைவலி வரவில்லை. காலை உணவைத்தான் தூங்கியே கோட்டைவிட்டேன்.