முடிச்சூர் வீட்டுக் கதவுகள்: 12 வருடக் கணக்கு

2013-ல் சென்னை முடிச்சூரில் வீடு கட்டினோம். மொத்தம் ஒன்பது கதவுகள். அதில் ஐந்தை இதுவரை மாற்றியாகிவிட்டது. தலைவாசல் கதவுக்கு மட்டும் மூன்று மாதம் மர டிப்போ டிப்போவாக அலைந்தேன். மற்ற எட்டையும் ஒரே மதியத்தில், மேஸ்திரி காட்டிய கடையில், "உள்ளே போடுறதுதானே" என்று முடித்துவிட்டோம். அந்த மதியத்துக்குத்தான் இன்னும் செலவழித்துக்கொண்டிருக்கிறேன்.

தலைவாசல் பர்மா தேக்கு. மூன்றரைக்கு ஏழு அடி, ஒன்றரை அங்குல கனம், நிலை ஐந்துக்கு மூன்று அங்குலச் சட்டம். பர்மா அரசு உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்தியது 2014 ஏப்ரலில். நாங்கள் வாங்கும்போதே டிப்போக்காரர் "இனிமே கிடைக்காது சார்" என்று அவசரப்படுத்தினார். வியாபாரப் பேச்சு என்று நினைத்தேன், அது மட்டும் நிஜமாகிவிட்டது. ஐம்பது கிலோவுக்கு மேல் வரும் கதவு என்பதால் ஆசாரி ஐந்து அங்குலப் பித்தளைக் கீல் நான்கு போட்டார். மூன்று போதாதா என்று கேட்டேன். "மூணு போட்டா ரெண்டு வருஷத்துல தொங்கும், அப்போ என்னைத்தான் திட்டுவீங்க" என்றார். இன்றுவரை தொங்கவில்லை.

தப்பு நடந்தது பாலிஷில். வாசல் மேற்குப் பார்த்தது, முன்னால் நிழலும் கிடையாது. உள்ளே போடும் மெலமைன் பாலிஷையே வெளிப்பக்கமும் அடித்துவிட்டார்கள். இரண்டு கோடையில் மஞ்சளித்து, நுணுக்கமாக வெடித்துச் செதில் செதிலாக உரிந்தது. 2018-ல் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு வெளிப்புறத்துக்கான பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ் போட்டோம். அதோடு ஒரு தகர சன்ஷேடும் வைத்தோம். உண்மையில் கதவைக் காப்பாற்றுவது அந்த சன்ஷேடுதான்.

நடுவில் 2015 டிசம்பர் வெள்ளம். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், மூன்று நாள் நின்றது. வடிந்த பிறகு வந்து பார்த்தால் தேக்குக் கதவு உப்பிப்போய் நிலையில் இறுகிக் கிடந்தது. தோளால் முட்டித் திறந்தோம். பொங்கல் கழிந்து தானாகவே வற்றி, லேசாக இழைத்ததோடு சரி. உள் அறைகளுக்குப் போட்ட ஃப்ளஷ் டோர்கள், அதாவது பலகை அடுக்குகளைப் பசையில் ஒட்டிச் செய்த தட்டைக் கதவுகள்? கீழ்ப்பாதி பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. மூன்று கதவுகள் அப்படியே குப்பைக்குப் போயின. மரத்தைவிடப் பசையில்தான் பிரச்சினை. 'கமர்ஷியல்' என்று விற்பவற்றில் யூரியா பசை, நின்ற தண்ணீரைத் தாங்காது. ஃபீனால் பசை போட்டது தாங்கும். கதவின் மேல் ஐஎஸ் 2202 முத்திரையும் (ஃப்ளஷ் டோருக்கான இந்தியத் தரம்) பிடபிள்யூபி என்ற எழுத்தும் (கொதிநீரையும் தாங்கும் பசை) இருக்கிறதா என்று பார்க்க அப்போதுதான் கற்றுக்கொண்டேன். முத்திரையை மட்டும் நம்ப மனசு வரவில்லை. கடையில் ஒரு வெட்டுத்துண்டு கேட்டு வாங்கி வந்து, பழைய குண்டானில் நான்கு மணி நேரம் கொதிக்கவிட்டேன். வீடு முழுக்க நாற்றம். என் மனைவி அந்தக் குண்டானை அதற்கப்புறம் சமையலறைக்குள் விடவில்லை. ஆனால் துண்டு பிரியவில்லை, அந்தக் கடையிலேயே வாங்கினேன்.

வெள்ளம் வராத மாடியிலும் குளியலறைக் கதவு மூன்றாம் வருடமே அடியில் ஊதியது. ஏன் என்று பிடிபடவில்லை. ஒருநாள் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து, செல்போன் டார்ச் அடித்துக் கதவின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். வெறும் மரம். ஒரு சொட்டு பெயிண்ட் இல்லை. டைல்ஸ் போட்ட பிறகு கதவு உரசியதால் அரை அங்குலம் அறுத்திருக்கிறார்கள், அறுத்த இடத்தைப் பூசாமல் அப்படியே மாட்டிவிட்டார்கள். ஒவ்வொரு குளியலுக்கும் அது திரி மாதிரித் தண்ணீரை இழுத்திருக்கிறது. இப்போது எந்தக் கதவு வந்தாலும் மாட்டுவதற்கு முன் தலைகீழாக நிறுத்தி, அடியிலும் மேலேயும் பிரைமரும் எனாமலும் இரண்டு கை நானே அடிக்கிறேன்.

அந்த ஊதிய கதவை எடுத்துவிட்டு பிவிசி போட்டேன். மலிவு, தண்ணீருக்கும் பயமில்லை. ஆனால் உள்ளே வெறும் கூடு, கீல் ஸ்க்ரூவுக்குப் பிடிப்பே இல்லை. ஒரு வருடத்தில் தொங்கி, தாழ்ப்பாள் துளையில் சரியாக உட்காராமல் போனது. அம்மா ஒருநாள் உள்ளே தாழ் போட்டவர், திறக்க முடியாமல் இருபது நிமிடம் மாட்டிக்கொண்டார். "பயப்படாதீங்கம்மா, ஸ்டூல்ல உட்காருங்க" என்று வெளியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன், எனக்குத்தான் கை நடுங்கியது. கடைசியில் கீழ்ப் பலகையை உதைத்து உடைத்தோம்.

மறுவாரமே டபிள்யூபிசி கதவு. மரத்தூளும் பிவிசியும் கலந்து செய்த கெட்டிப் பலகை. 2019-லிருந்து ஊதவில்லை, ஸ்க்ரூவும் கழலவில்லை. நேர் வெயில் படும் இடத்தில் வளையும் என்பதால் மொட்டைமாடிக்கு மட்டும் இதைப் போடவில்லை. அங்கே இருப்பது இரும்புத் தகடுக் கதவு, வருடம் ஒருமுறை துரு சுரண்டிப் பெயிண்ட் அடிப்பதோடு சரி. குளியலறை நிலையையும் அப்படியே கிரானைட்டாக மாற்றினோம். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்தோம், உள்ளே யாராவது விழுந்து கிடந்தால் அவர்மேல் இடிக்காது. தாழுக்குப் பதிலாக, வெளியிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தால் திருப்பித் திறக்கிற பூட்டு.

கறையான் கதை சின்னது. படுக்கையறை நிலையில் பெயிண்ட் பளபளவென்றுதான் இருந்தது, கட்டைவிரலால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. வைரம் (கெட்டியான நடுமரம்) இல்லாத வெள்ளைக் கட்டையைப் பெயிண்டால் மூடித் தலையில் கட்டியிருக்கிறார்கள். நிலைச் சட்டத்தைப் பெயிண்ட் அடிக்கும் முன்பு நேரில் போய்ப் பார்த்திருந்தால் நிறமே காட்டிக்கொடுத்திருக்கும்.

கொல்லைக் கதவு இப்போதும் ஐப்பசி பிறந்தால் பிடிக்கிறது. உடனே இழைக்கச் சொன்னால் ஆசாரி மறுக்கிறார். "ஈரத்துல இழைச்சா சித்திரையில காய்ஞ்சு சந்து விழும், பல்லி நுழையும் சார்." சரி, மாசியில் வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரைக்கும் வலது காலால் ஓர் உதை.