கொழும்பு வீட்டுக்கு எந்த அன்டெனா?

கொழும்பில் டிவி படம் கெட்டுப்போனால் பெரும்பாலானோர் முதலில் வாங்குவது சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர். கடைசியாக யோசிக்க வேண்டியதும் அதுதான் என்பது என் அபிப்பிராயம். இங்கே சிக்னல் குறைவாக இருப்பது அபூர்வம். குழம்பி வருவதுதான் வழக்கம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

சக்தி, வசந்தம், நேத்ரா ஆகிய தமிழ் அலைவரிசைகள் மூன்றும் சுத்தமாக வந்தால் போதும், மாதாமாதம் பில் கட்ட வேண்டாம் என்று நினைக்கிற வீடுகள் வெள்ளவத்தை முதல் கொட்டாஞ்சேனை வரை நிறைய உண்டு. இந்த அலசல் அவர்களுக்குத்தான்.

அறைக்குள்ளா, கூரையிலா?

டிவிக்கு மேல் வைக்கும் இரட்டைக் கொம்பு அன்டெனா மலிவு, ஏணி தேவையில்லை. மேல் மாடியில், நிலையம் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னலோரம் வைத்தால் ஓரளவு வேலை செய்யும். ஆனால் அதற்குத் திசை பிரித்துப் பார்க்கும் திறன் மிகக் குறைவு. முன்னால் வருவதையும் பின்சுவரில் பட்டு வருவதையும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்ளும். அறைக்குள் ஆள் நடந்தாலே படம் அசையும். கீழ் மாடி வீடுகளில் கொங்கிரீட்டும் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியும் மிச்சத்தையும் தடுத்துவிடும்.

கூரை அன்டெனாவில் இரண்டு வகை உண்டு. மீன்முள் போன்ற யாகி ஒன்று. முன்னால் சிறுத்து, பின்னால் அகன்று போகும் லொக் பீரியொடிக் மற்றது. டிவி அலைகள் விஎச்எஃப், யூஎச்எஃப் என்ற இரண்டு பட்டைகளில் வருகின்றன. கம்பியின் நீளம் அலையின் நீளத்தைப் பொறுத்தது. அலைநீளம் வேண்டுமென்றால் 300ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் மீற்றரில் வரும். விஎச்எஃப் மேல் பட்டையில், 200 மெகாஹேர்ட்ஸில், ஒன்றரை மீற்றர். யூஎச்எஃப்பில், 600 மெகாஹேர்ட்ஸில், அரை மீற்றர். கம்பியின் நீளம் ஏறத்தாழ அதில் பாதி. நீளக் கம்பிகள் இல்லாமல் சின்னக் கம்பிகள் மட்டும் இருக்கும் அன்டெனாவில் விஎச்எஃப் அலைவரிசைகள் மங்கலாக வருவது இதனால்தான். கடையில் பெட்டியைப் பார்க்காமல் கம்பியைப் பாருங்கள்.

யாகி குறுகிய பட்டையில் பலமாக இழுக்கும், ஒரு திசையையே கூர்ந்து பார்க்கும். லொக் பீரியொடிக் அவ்வளவு இழுக்காது, ஆனால் விஎச்எஃப், யூஎச்எஃப் இரண்டையும் சமமாக வாங்கும். நிலையங்களுக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் நகரத்தில் இழுவை பெரிய விஷயமே இல்லை. எல்லா நிலையங்களும் ஒரே கோபுரத்திலிருந்து ஒளிபரப்புவதும் இல்லை. அதனால் கொழும்புக்கு என் தெரிவு விஎச்எஃப் கம்பியும் உள்ள லொக் பீரியொடிக். பின்னாலிருந்து வரும் எதிரொலி தொல்லை மோசமாக இருந்தால் மட்டும் யாகி. நகரத்தை விட்டுத் தள்ளி அவிசாவளைப் பக்கம் போய்விட்டால் கதை மாறும். அங்கே இழுவையும் வேண்டும், உயரமும் வேண்டும்.

அடிமட்டத்தால் அளக்கலாம்

வெள்ளவத்தையில் மாமி வீட்டு டிவியில் செய்தி வாசிப்பவரின் தோளுக்கு வலப்பக்கம் மங்கலாக இன்னொரு தோள் தெரிந்தது. அடிமட்டத்தைத் திரையில் வைத்துப் பார்த்தேன். இரண்டு சென்ரிமீற்றர் தள்ளியிருந்தது. இப்போது கூரை அன்டெனாவில் வரும் பழைய முறையான அனலொக் படத்தில் ஒரு கோடு வரைய 64 மைக்ரோசெக்கன் எடுக்கும், அதில் கண்ணுக்குத் தெரியும் பகுதி 52. மாமியுடையது 43 அங்குல டிவி. திரை அகலம் சுமார் 95 சென்ரிமீற்றர். அப்படியானால் இரண்டு சென்ரிமீற்றர் என்பது ஒரு மைக்ரோசெக்கனுக்குக் கொஞ்சம் மேல். அந்த நேரத்தில் அலை 300 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். அதாவது நேரே வந்த அலையைவிட அவ்வளவு தூரம் சுற்றி இன்னொரு அலை வந்திருக்கிறது. நேர் பின்னால் உள்ள கட்டடம் என்றால் அது சுமார் 150 மீற்றரில் இருக்க வேண்டும். மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தபோது, காலி வீதிப் பக்கம் புதிதாக எழுந்த தொடர்மாடி கிட்டத்தட்ட அந்தத் தூரத்தில்தான் நின்றது.

இந்த இடத்தில் பூஸ்டர் போட்டால் என்ன நடக்கும்? தோளும் பெரிதாகும், நிழல் தோளும் பெரிதாகும். செய்ய வேண்டியது அன்டெனாவைத் திருப்புவது. படம் எங்கே பலமாக வருகிறது என்று தேடாமல், நிழல் எங்கே மறைகிறது என்று பார்த்து நிறுத்த வேண்டும். பலம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, கொழும்பில் அது தாராளமாக மிஞ்சும். மாமி வீட்டில் அன்டெனாவை ஒரு பக்கம் கொஞ்சம் சரித்ததும் நிழல் அநேகமாகப் போய்விட்டது.

நிழல் இடப்பக்கம் தெரிந்தால் காரணம் வேறு. அன்டெனாவிலிருந்து வயர் வழியாக வரும் சிக்னலுக்கு முன்பே, டிவியும் அதன் பின்னால் உள்ள வயரும் நேரடியாக ஒன்றைப் பிடித்துவிடுகின்றன. ஷீல்ட், அதாவது உள்கம்பியைச் சுற்றியுள்ள உலோகக் கவசம், சரியில்லாத வயரை மாற்றினால் சரி.

பூஸ்டரா, நல்ல வயரா?

பூஸ்டர் தேவைப்படும் இடங்களும் இல்லாமல் இல்லை. ஒரு அன்டெனாவிலிருந்து நாலு அறைக்குப் பிரிக்கிறீர்கள் என்றால், அல்லது மொட்டை மாடியிலிருந்து தரைமாடிக்கு நீள வயர் இறங்குகிறது என்றால் அது நியாயம். இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்று போட்டாலே ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதிக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். ஆனால் பூஸ்டரை அன்டெனாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். டிவிக்குப் பின்னால் வைத்தால் வயரில் தேய்ந்துபோன சிக்னலையும் சேர்ந்துவிட்ட இரைச்சலையும் ஒன்றாகப் பெருக்கும்.

கிட்டவே நிலையம் இருக்கும் வீட்டில் பூஸ்டர் திணறவும் செய்யும். ஒரு அலைவரிசையின் படத்துக்குள் இன்னொன்றின் நிழல் ஓடும், குறுக்குக் கோடுகள் விழும். அப்போது பூஸ்டரை முழுவதுமாகக் கழற்றி, வயரை நேரே டிவியில் குத்திப் பாருங்கள். சும்மா ஓஃப் செய்வது போதாது. மின்சாரம் இல்லாத பூஸ்டர் வழியில் நின்று சிக்னலைத் தடுக்கும். அதன் அடப்டர் எரிந்துபோய், “அன்டெனா பழுது” என்று புதிய அன்டெனா வாங்கியவர்களும் உண்டு.

வயரைப் பற்றி மட்டும் எவ்வளவு சொன்னாலும் தகும். புறக்கோட்டையில் ஆர்ஜி-6 என்று கேட்டு வாங்குங்கள். 30 மீற்றரில் யூஎச்எஃப் சிக்னல் சுமார் 5 டெசிபெல் குறையும், அதாவது மூன்றில் ஒரு பங்கே மிஞ்சும். மெல்லிய ஆர்ஜி-59இல் அதைவிட மோசம். பழைய வீடுகளில் இன்னும் தொங்கும் தட்டை வயர் 300 ஓம், டிவியின் துளை 75 ஓம். இரண்டையும் பொருத்தும் பேலன் இடையில் இல்லாமல் முறுக்கி இணைத்திருந்தால் சிக்னலில் கொஞ்சம் திரும்பிப்போய்விடும், படத்தில் நிழலும் விழலாம்.

கடற்கரைப் பக்கத்து வீடுகளில் பழுது அநேகமாக அன்டெனாவின் பிளாஸ்ரிக் பெட்டிக்குள்தான் இருக்கும். மூடியைத் திறந்தால் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி, செப்புக் கம்பியில் பச்சைப் பூச்சு, திருகாணியில் துரு. உப்புக் காற்றின் வேலை அது. கம்பி நுனியை வெட்டிப் புதிதாக உரித்து, திருகாணியை மாற்றி, மூடியைச் சுற்றி சீல் செய்தால் பல வீடுகளில் படம் பழையபடி வந்துவிடும். வயர் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். காகம் உட்கார்ந்து வளைத்த கம்பிகளையும் அதோடு நேராக்கிவிடலாம்.

படம் நன்றாக வந்து சத்தம் மட்டும் இரைந்தால் அன்டெனாவைத் தொடவே வேண்டாம். லண்டனில் சத்தம் படத்திலிருந்து 6 மெகாஹேர்ட்ஸ் தள்ளி வந்தது, இங்கே 5.5. அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த டிவியில் மெனுவுக்குள் போய் சவுண்ட் சிஸ்டத்தை பிஜி (B/G) என்று மாற்ற வேண்டும்.

டிஜிட்டல் வந்தால்?

இலங்கை 2014இல் ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறையைத் தெரிவு செய்தது. இத்தனை வருடம் கழிந்தும் கூரை அன்டெனா வழியாக வீடுகளுக்கு வருவது அனலொக்தான். ஐரோப்பாவின் டிவிபி-டி2 ஒரே பட்டைக்குள் கூடுதலான அலைவரிசைகளை அடைக்கும். அந்தக் கணக்கில் அது முந்தும். ஐஎஸ்டிபி-டியில் பட்டை 13 துண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒன்று கையடக்கத் தொலைபேசிக்கென ஒதுக்கப்படுகிறது. அவசர எச்சரிக்கை வந்தால் காத்திருப்பில் உள்ள அதற்கேற்ற கருவியைத் தானாக எழுப்பும் வசதியும் உண்டு. 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த நாடு இது. அலைவரிசை எண்ணிக்கையைவிட அந்த எச்சரிக்கைதான் பெரிது என்பேன்.

வீட்டுக்காரருக்கு இதில் முக்கியமானது டிவிக்குள் அலைவரிசையைப் பிடிக்கும் டியூனர். லண்டன், சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் டிவிகளில் இருப்பது ஐரோப்பிய முறை. அவை அனலொக்கைக் காட்டும், இங்கே வரப்போகும் டிஜிட்டலைக் காட்டாது. அதற்குத் தனியாகப் பெட்டி வாங்க வேண்டிவரும். புதிய டிவி வாங்குகிறவர்கள் விற்பவர் “டிஜிட்டல் இருக்கு” என்பதோடு விட்டுவிடாமல் ஐஎஸ்டிபி-டி இருக்கிறதா என்று விவரத்தாளில் பாருங்கள்.

அன்டெனாவை மாற்றத் தேவையில்லை. “டிஜிட்டல் அன்டெனா”, “4கே அன்டெனா” என்பதெல்லாம் பெட்டியில் அச்சடித்த விளம்பரம். அலுமினியக் கம்பிக்கு அனலொக், டிஜிட்டல் என்ற பேதம் கிடையாது, அலைநீளம் பொருந்தினால் போதும். மாமி வீட்டு நிழல் டிஜிட்டலில் தொல்லையே தராது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் முன்னால் விடப்படும் காப்பு இடைவெளி பல பத்து மைக்ரோசெக்கன், ஒரு மைக்ரோசெக்கன் எதிரொலி அதற்குள் அடங்கிவிடும். ஆனால் அனலொக்கில் புள்ளி புள்ளியாகவாவது கிரிக்கெட் பார்க்கலாம். டிஜிட்டலில் ஒரு எல்லைக்குக் கீழே போனால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். துருப்பிடித்த திருகாணியோடு இன்று சமாளிக்கிற வீடு அன்று கறுப்புத் திரையைப் பார்க்க நேரலாம்.

டிஷ், பியோ டிவி

மாதக் கட்டணம் பிரச்சினை இல்லை என்றால் டயலொக் டிவியின் டிஷ்ஷும், எஸ்எல்டியின் இணைய லைன் வழியாக வரும் பியோ டிவியும் தமிழ் அலைவரிசைகளை நிறையவே தருகின்றன. தமிழ்நாட்டு சீரியல் பார்க்கும் வீட்டுக்குக் கூரை அன்டெனா போதாது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். டிஷ்ஷுக்கு வானம் மறைக்காமல் தெரிய வேண்டும். ஒக்டோபர், நவம்பர் பிற்பகல் அடைமழையில் கொஞ்ச நேரம் படம் போகும். பியோ டிவிக்கு மழை பெரிய பொருட்டில்லை, ஆனால் ரவுட்டரும் லைனும் உயிரோடு இருக்க வேண்டும்.

மழைக்கு அஞ்சாத கூரை அன்டெனாவுக்கு இடி ஆகாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி முழங்கத் தொடங்கும் முன்பே வயரை டிவியிலிருந்து கழற்றிவிடுங்கள், முழங்கத் தொடங்கிய பிறகு தொட வேண்டாம். குழாயை நிமிர்த்தும்போது மின்கம்பி எங்கே ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். கொழும்பு ஒழுங்கைகளில் அது மாடிக்குக் கை எட்டும் தூரத்தில் போகிறது. குழாய் சரிந்தாலும் அதில் படாத அளவுக்குத் தள்ளி நிறுத்த இடம் இல்லையென்றால், அந்த வீட்டுக்குப் பால்கனி ஓரத்தில் சின்ன லொக் பீரியொடிக்தான் சரி.