மைக்கைச் சுற்றி இருப்பவை: பல வருடப் பயன்பாட்டில் எது நிற்கிறது, எது போகிறது

நல்ல ஷாட்கன் மைக்குக்கு (முன்னாலிருந்து வரும் ஒலியை முக்கியமாகப் பிடிக்கும் நீள மைக்) கணக்குப் பார்க்காமல் செலவு செய்துவிட்டு, உறையிலும் தாங்கியிலும் மிச்சம் பிடிப்பவர்கள்தான் அதிகம். ஆனால் வெளிப்புறப் படப்பிடிப்பில் வீணாகும் டேக்குகளைக் கேட்டுப் பாருங்கள். காற்று, கைச்சத்தம், கேபிள் உரசல், இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். மைக் சரியில்லாமல் கெட்ட டேக் அபூர்வம்.

முதலில் காற்று. மைக்கோடு பெட்டியில் வரும் ஃபோம் உறை, அறைக்குள் பூமை (மைக்கைத் தூக்கிப் பிடிக்கும் நீளக் கம்பு) சட்டென்று திருப்பும்போது எழும் காற்றுக்கே சரியாக இருக்கும். இலை அசைகிற அளவு காற்று வந்தாலே அது தாங்காது. அங்கே உரோம உறை வேண்டும். திறந்தவெளியில் நாள் முழுக்க வேலை என்றால் பிளிம்ப்பும் (மைக்கை உள்ளே வைக்கும் கூண்டு போன்ற வலை உறை) அதன் மேல் உரோமமும் வேண்டும். மைக்கைச் சுற்றி அசையாத காற்று எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு. பிளிம்ப் அத்தனை பருமனாக இருப்பதன் காரணம் இதுதான். ஷாட்கன் மைக்கின் பக்கவாட்டுத் துளைகளும் முழுக்க உறைக்குள் இருக்க வேண்டும்; கடைசித் துளை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் காற்று அந்த வழியாக வந்துவிடும்.

ரெக்கார்டரில் லோ கட் (கீழ்ச் சுருதியை வெட்டும் வடிகட்டி) போட்டால் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. பலத்த காற்று மைக்கின் உள்சுற்றையோ, அதன் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பையோ ஏற்கெனவே திணறடித்திருக்கும். பிறகு கீழ்ச் சுருதியை எவ்வளவு வெட்டினாலும் பேச்சில் விழுந்த உடைசல் போகாது. உறை முதலில், லோ கட் அதற்குத் துணை.

பிளிம்ப் வாங்கும்போது மைக்கின் நீளத்தை மட்டும் அளந்து ஏமாறாதீர்கள். உதாரணமாக, ஸென்ஹைசரின் ஷாட்கன் மைக்கான எம்கேஎச் 416-இன் நீளம் 250 மி.மீ. அதன் பின்னால் செருகும் எக்ஸ்எல்ஆர் பிளக்கின் நீளத்தையும் முன்பக்கம் விட வேண்டிய இடைவெளியையும் சேர்த்துத்தான் அளவு பார்க்க வேண்டும். மைக்கின் முனை பிளிம்ப் வலையைத் தொட்டால் உறையின் பலனே போச்சு.

உரோமம் நனைந்து ஒட்டிக்கொண்டால் காற்றைத் தடுக்காது, பூம் முனையில் பாரமும் கூடும். உதறி நிழலில் காயவைத்து, நாய்க்குச் சீவும் கம்பிப் பிரஷ்ஷால் இழை இழையாகச் சீவி எடுத்தால் பழையபடி நிற்கும். சூடான டிரையர் காட்டினால் இழை சுருண்டு கருகிவிடும். அறைக்குள் வேலை என்றால் உரோமத்தைக் கழற்றிவிடுங்கள்; அது இருந்தால் உச்சச் சுருதிகள் கொஞ்சம் மங்கும்.

அடுத்து தாங்கி. அதிர்வு மைக்குக்குப் போகாமல் தடுக்கும் ஷாக் மவுண்ட்டில் எலாஸ்டிக் வளையம் உள்ளவை புதிதில் அருமையாக இருக்கும். வெயிலிலும் புழுக்கத்திலும் கிடந்தால் தளர்ந்து, மைக் தொங்கிச் சட்டத்தில் இடிக்கும். ரைக்கோட் நிறுவனத்தின் லயர் வகைத் தாங்கி ஹைட்ரெல் பிளாஸ்டிக்கால் ஆனது, அப்படித் தொய்யாது. நீண்டகாலப் பயனுக்கு அதுதான் சரி. மைக்கின் எடைக்கேற்ற விறைப்பைத் தேர்ந்தெடுங்கள்: விறைப்பு மிஞ்சினால் கைச்சத்தம் உள்ளே வரும், குறைந்தால் மைக் ஆடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் ‘டப் டப்’ என்று கேட்கிறதா? கேபிளைப் பாருங்கள். தடித்த, விறைப்பான கேபிள் மைக்கின் வாலிலிருந்து நேராகக் கைப்பிடிக்குப் போனால், தாங்கி தடுத்த அதிர்வை எல்லாம் அது கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பிளிம்ப்புக்குள் மெல்லிய, நெகிழ்வான துண்டுக் கேபிள் போட்டு, இழுபடாமல் ஒரு தளர்ந்த வளைவு விட்டு, மறுமுனையைச் சட்டத்தில் இறுக்கிக் கட்டுங்கள். அந்த வளைவு எதையும் தொடக்கூடாது. ஹெட்ஃபோன் மாட்டி, கெய்னை (ஒலிப் பெருக்க அளவை) கூட்டி, பூமில் விரலால் மெதுவாகத் தட்டி, கையை நகர்த்திப் பார்த்தால் குறை எங்கே என்று உடனே தெரியும்.

பூமில் கார்பன் ஃபைபர் இலகுவானது, நாள் முழுக்கத் தூக்கிப் பிடிப்பவருக்கு அந்த வித்தியாசம் தோளில் தெரியும். ஆனால் கார்பன் ஃபைபரும் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகளுக்கு அருகில் உயர்த்தவே கூடாது. பூட்டு வளையங்களில் மணல் புகுந்தால் நழுவும், கீறும். கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். எண்ணெய் விட்டால் மணல் இன்னும் ஒட்டும். பூம் முனையில் பெரும்பாலும் 3/8 அங்குல மரை இருக்கும், சில மைக் ஸ்டாண்டுகளில் 5/8 அங்குலம். இரண்டுக்கும் பொருந்தும் அடாப்டர் எப்போதும் பையில் கிடக்கட்டும்.

எல்லாரும் கவனிக்காமல் விடுவது பழைய ஃபோம். வருடங்கள் போகப் போகப் பிசுபிசுத்து, தொட்டால் பொடியாக உதிரும். அந்தப் பொடி மைக் துளைகளுக்குள் போனால் வீட்டில் சுத்தம் செய்ய முடியாது. அமுக்கிப் பார்த்து, விரலில் துகள் ஒட்டினால் அன்றே தூக்கிப் போடுங்கள்.

ஈரப்பதத்தில் சாதாரணக் கண்டென்ஸர் (மின்தேக்கி வகை) மைக்குகள் ‘படபட’ என்று பொரியும். எம்கேஎச் வகை ஆர்எஃப் (உயர் அதிர்வெண்) சுற்றில் இயங்குவதால் இதை நன்றாகவே தாங்கும். எதுவானாலும் பெட்டியில் சிலிக்கா ஜெல் இருக்கட்டும், நிறம் மாறியதும் மாற்றுங்கள். ஏசி அறையிலிருந்து புழுக்கத்துக்கு வந்ததும் பெட்டியைத் திறக்காமல் அரைமணி நேரம் வைத்திருந்தால் மைக்கின் மேல் நீர் பூக்காது.