கம்பிவழி வானொலியும் கையடக்க டிரான்சிஸ்டரும்

சிங்கப்பூரில் 1949இல் தொடங்கிய ரெடிஃபியூஷன் என்ற வானொலிச் சேவை, கம்பிவழி வீட்டுச் சுவர்வரை வந்தது. மாதக் கட்டணம் 5 வெள்ளி. அலைவரிசை தேடும் வேலையே இல்லை. குமிழைத் திருகினால் போதும். மின்னல் வெட்டினால் மத்திய அலை வானொலி கரகரக்கும். கம்பியில் வந்த குரலோ தெளிவாகவே ஒலிக்கும். கதைசொல்லி லீ டாய் சோ அதன்வழி கண்டோனீஸ் மொழியில் கதை சொல்ல, காப்பிக்கடைகளில் மேசைக்கு மேசை காது கொடுத்துக் கேட்டார்கள். அந்தச் சுகத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அந்தச் சேவையில் பெரும்பங்கு சீன வட்டார மொழிகளும் ஆங்கிலமும்தான். தமிழ் கேட்க வேண்டுமென்றால் பெரும்பாலும் அலை வானொலிதான் கதி. அதனால் இரண்டில் என் ஓட்டு டிரான்சிஸ்டர் வானொலிக்கே. தாத்தாவின் பெட்டிக்குத் துளையிட்ட தோலுறை உண்டு. பேட்டரி தளர்ந்தால் வெயிலில் காயவைத்து மீண்டும் போடுவார். செய்தி நேரத்தில் முள்ளை மயிரிழை நகர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார். அடுப்படிக்கும் அது போகும், கடைவீட்டு முகப்பின் ஐந்தடிப் பாதைக்கும் போகும்.

பண்பலை வந்ததும் கரகரப்பும் பெரிதும் தீர்ந்தது. ரெடிஃபியூஷன் 2012இல் ஒலிபரப்பை நிறுத்தியது. தமிழோ பண்பலை 96.8இல் நாள் முழுவதும் ஒலிக்கிறது. பாட்டி இன்றும் அதைக் கேட்டபடிதான் கீரை ஆய்கிறார்.